ஆற்றில் இட்டதும் குளத்தில் எடுத்ததும்: மூளை நீரோட்டம் அறியப்பட்ட வரலாறு

திருமுதுகுன்றத்து இறைவனிடம் சுந்தரர் 12,000 பொன் பெற்றார். மணிமுத்தாற்றில் அதனை இட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது சேக்கிழார் வழியாகத் தமிழகம் அறிந்த செய்தி. ஆற்றில் இடுமுன் அப்பொன்னில் ஒரு துண்டை அவர் மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்பதும், குளத்தில் எடுத்ததை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்பதும் அச்செய்தியின் நுட்பமான பகுதிகள். விருத்தாசலத்தில் முதற்பகுதியைச் சொல்லுவோர் பலர். மச்சத்தை நினைப்போர் சிலர். ஆனால் மச்சம் இல்லையேல், ஆற்றில் இட்டதுதான் குளத்தில் வந்தது என்று எவர் உறுதி கூறவியலும்? மனித மூளைக்குள் ஓடும் ஒரு நீரைப் பற்றி இதே வினாவை 1913ஆம் ஆண்டில் மருத்துவர் இருவர் எழுப்பினர். அவ்வினாவுக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைக் கூறுவதே இக்கட்டுரை.

மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவற்றிலும், மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்திய உறைகளுக்கு இடையிலும் நிறமற்ற தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. இதனை மூளைத் தண்டுவட நீர் என்பர். வளர்ந்த ஒருவரிடம் எந்நேரத்திலும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் புதிதாக ஊறுவதோ ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். ஆகவே நாளொன்றுக்கு மும்முறைக்கு மேல் பழைய நீர் கழிந்து புதுநீர் புகுகிறது. அறைகளுக்குள் தொங்கும் கோராய்டு பின்னல் என்னும் குருதிக்குழாய்க் கொத்தே இதன் பெரும் ஊற்று. பக்க அறைகள் இரண்டிலிருந்தும் மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து நெல்மணியின் தடிப்பே அகலமுள்ள ஒரு கால்வாய் வழியாக நான்காம் அறைக்கும் இந்நீர் செல்கிறது. பின்னர்த் துளைகளின் வழியே வெளிப்பட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து வந்து, முடிவில் குருதியிற் கலக்கிறது. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்நீரில் மிதப்பதால் 50 கிராம் எடையுள்ளதுபோல் தாங்கப்படுகிறது. மிதவாத மூளை தன் எடையாலேயே தன் அடிப்பகுதியை நசுக்கிக்கொள்ளும்.

இத்துணை நீரும் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க மருத்துவர், அறைகளில் ஒருவகை உயிர்க்காற்று உறைவதாக எழுதினார். அவருக்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, முன்னறையில் கற்பனையும் நடுவறையில் அறிவும் பின்னறையில் நினைவும் குடியிருப்பதாகக் கற்பிக்கப்பட்டது. கவிஞருக்கு உவப்பான கொள்கைதான். ஆனால் அறுத்துப் பார்த்தவருக்கும் அது பொய்யென்று தோன்றாமைக்கு எளிய காரணம் ஒன்றுண்டு. உடற்கூறு ஆய்வோர் முதலில் தலையைத் துண்டித்துவிட்டே மண்டையோட்டைத் திறந்தனர். துண்டித்த அப்பொழுதே நீர் வடிந்துபோயிற்று. எஞ்சிய வெற்றிடத்தில் காற்றைத்தானே காணவியலும்? இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்துக் கொட்டூன்யோ உடலை நிமிர்த்தி நிறுத்தி ஆராய்ந்து 1764இல் இந்நீரைக் கண்டெழுதினார். பாரிசு நகரத்து மஜாந்தி 1820களில் உயிருள்ள விலங்குகளிடத்தும் அதனைக் காட்டினார். நீர் உண்டு என்பது உறுதியாயிற்று. அது தேங்கிய குட்டையா, ஓடும் ஆறா என்பது எஞ்சி நின்றது.

இவ்விடத்தில் வரலாறு ஒரு வியப்பான மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. யான் புர்க்கின்யே செக் நாட்டவர். பிரெஸ்லௌ நகரில் உடலியல் பேராசிரியர். ஷில்லரின் கவிதைகளைத் தம் தாய்மொழியில் பெயர்த்தவர். கண்பார்வை பற்றிய இவருடைய ஆய்வுகளுக்காகவே கோத்தே இவரை மதித்தார். ஒரு நுண்ணோக்காடியின் துணையால் 1836ஆம் ஆண்டில் இவர் மூளை அறைகளின் உட்சுவரைப் பார்த்தார். சுவர் முழுதும் நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருந்தன. அவை வெறுமனே நிற்கவில்லை. காற்றில் ஆடும் கதிர்போல் ஒருங்கே துடித்தன. இலத்தீனில் இமைமயிரைக் குறிக்கும் சொல்லால் இவற்றைச் சிலியா என்றனர். தமிழ்ப் பாடநூல்கள் குற்றிழை என்கின்றன. ஒன்றன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை அடிக்கும். குளத்துநீரின் ஓருயிரிகள் நீந்துவதும், மூச்சுக்குழாய் சளியை மேலே தள்ளுவதும் இவ்வகை இழைகளாலேயே. சிந்தனையின் இருப்பிடம் என்று உலகம் போற்றிய உறுப்புக்குள்ளும் அவையே இருந்தன. காலென் உயிர்க்காற்றை வைத்த இடத்தில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் துடிக்கும் மயிரைக் கண்டார்.

கண்டதோடு நின்றது. அடுத்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் இக்குற்றிழைகளை ஒரு வேடிக்கையாகவே கருதிற்று. இதனைப் புறக்கணிப்பு என்று பழிப்பது எளிது, முறையன்று. மருத்துவர் முன் அப்போது கிடந்தது வேறொரு துயரம். பிறந்த சில திங்களிலேயே தலை பெருத்து, கண்கள் கீழ்நோக்கிச் செருகி, பால் குடியாமல் வாடும் குழந்தைகள் எந்நாட்டிலும் இருந்தனர். நீர்த்தலை என்னும் அந்நோய்க்குக் காரணம் தெரியாது, மருந்தும் இல்லை.

அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்ட்டர் டேண்டி, கென்னத் பிளாக்ஃபேன் ஆகிய இருவரும் 1913, 1914ஆம் ஆண்டுகளில் செய்த சோதனைகளே திருப்பம். நாய்களின் மூளையில் அந்தக் குறுகிய கால்வாயை அடைத்தனர். அடைப்புக்கு மேலுள்ள அறைகள் வீங்கின. நீர் அறைகளுக்குள் ஊறுகிறது, கால்வாய் வழியே வெளியேற முயல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. பின்னர் நோயுற்ற குழந்தைகளின் மூளை அறையில் தீங்கற்ற ஒரு சாயத்தை இட்டு, இடுப்பருகே முதுகெலும்பின் இடைவெளியில் ஊசி செலுத்தி நீரை எடுத்துப் பார்த்தனர். சிலரிடம் சாயம் கீழே வந்து சேர்ந்தது; சிலரிடம் வரவில்லை. வராதவரிடம் அடைப்பு அறைகளின் வழியிலேயே உள்ளது. வந்தவரிடம் அடைப்பு அதற்கப்பால், நீர் குருதியிற் கலக்குமிடத்தில் உள்ளது. சாயமே இங்கு மச்சம். ஒரே பெயரில் வழங்கிய நோய் இரண்டாகப் பிரிந்தது. 1925ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் ஹார்வி குஷிங் இந்நீரோட்டத்திற்கு ‘மூன்றாம் சுற்றோட்டம்’ என்று பெயர் சூட்டினார். குருதியும் நிணநீரும் முதலிரண்டு.

அடைப்பு என்று அறிந்த பின்னும் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு உடனே விடிவு வரவில்லை. இங்கு அடைப்பை உண்டாக்கியதில் பெரும்பங்கு ஒரு கிருமிக்கு உண்டு. இவ்வூர்ப் பெயரையே தம் இயற்பெயராகத் தாங்கிய சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன், 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் நுரையீரற் காசத்துக்குப் பயன்படுவதை முறையாக நாட்டிய பிரிட்டிஷ் ஆய்வின் முடிவுகள் வெளிவந்தது அதே ஆண்டு அக்டோபரில். நான்கு திங்கள் முந்தி வந்திருப்பினும் அம்மருந்து அவர் கைக்கு எட்டியிருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அவ்விரு நாட்களின் நெருக்கம் இலக்கிய அன்பரை உறுத்தாமற் போகாது.

நுரையீரலைத் தின்னும் அக்கிருமியே குழந்தைகளின் மூளை உறைகளையும் பற்றும். பற்றினால் மூளையின் அடிப்பகுதியில் பசைபோல் தடித்த கசிவு படியும். நீர் செல்லும் வழிகள் அடைபடும். ஊற்று மட்டும் நில்லாது. அறைகள் வீங்கும். தலைவலி, வாந்தி, மயக்கம், பார்வை மங்கல் என்று வரிசையாக வரும். மருந்து கிடைக்காத காலத்தில் இந்நோயுற்றோர் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். ஆதலால் நீரடைப்பைத் தனியே எண்ணிப் பார்க்க நேரமே இருந்ததில்லை. ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் வந்த ஐசோனியசிடும் கிருமியைக் கொன்றன. பிழைத்தவரிடம் அடைப்பு நின்றது. மருந்து வென்ற பிறகே நீரின் துயர் முழுமையாகத் தெரிந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான பக்கம்.

நல்வாய்ப்பாக, அதே ஆண்டுகளில் தமிழகத்தில் மூளை அறுவைத்துறை வேரூன்றிற்று. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். சீர்காழியிற் பிறந்த பா. இராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அப்பணியை மேற்கொண்டார். இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியற் கழகத்தை நிறுவினர். காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முறைகளை ஆராய 1956இல் சென்னையில் ஒரு நடுவம் எழுந்தது. பிற்காலத்தில் குழந்தைகளின் மூளையுறைக் காசத்துக்கான மருந்துச் சேர்க்கைகளையும் அது சோதித்தது.

அடைபட்ட நீரை வேறு வழியில் திருப்பிவிடும் குழாயை ஷண்ட் என்பர். மூளை அறையில் ஒரு முனை. தோலுக்கடியில் காதின் பின்புறமாகக் கழுத்தும் மார்பும் கடந்து வயிற்றுக்குள் மறுமுனை. நீர் மேலேறாமல் தடுக்க இடையில் ஒரு தடுக்கிதழ். ஏரியின் கலிங்கு செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது: கரை உடையுமுன் மிகுநீரைக் கழித்துவிடல். இக்கருவியின் வரலாற்றில் எழுத்தாளர் ஒருவருக்கும் இடமுண்டு. 1960 டிசம்பரில் நியூயார்க் தெருவொன்றில் டாக்ஸி மோதி, ரோல்ட் டாலின் நான்கு திங்கள் நிரம்பிய மகனுக்கு நீர்த்தலை கண்டது. பொருத்திய குழாய் திரும்பத் திரும்ப அடைபட்டது. சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற அவர், விளையாட்டு விமானப் பொறிகளுக்குச் சிறு எக்கிகள் செய்யும் ஸ்டான்லி வேடையும் அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் கூட்டிவைத்தார். 1962இல் புதிய தடுக்கிதழ் உருவாயிற்று. அதற்குள் அவர் மகனுக்கு அது தேவைப்படவில்லை; பிற குழந்தைகள் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்குப் பயன்பட்டது. மூவரும் அதில் ஊதியம் கொள்ளவில்லை.

வேலூரில் நடந்தது இத்துணை கதைச்சுவை உடையதன்று. ஆனால் நம் நாட்டுக்கு அதனினும் பயன் மிக்கது. 1975 முதல் 1986 வரை, மூளையுறைக் காசத்தால் நீர்த்தலை கண்டு ஷண்ட் பொருத்தப்பெற்ற 114 பேரை அம்மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். பாலூர், இராஜசேகர், மேத்யூ சாண்டி முதலியோர் அதனை 1991இல் வெளியிட்டனர். அறுவைக்கு முன் நோயர் இருந்த நிலையை நான்காகப் பகுத்தனர். உணர்வு தெளிந்து, நரம்புக் குறைபாடும் இல்லாதவர் முதல் நிலை. உணர்வு தெளிந்தும் குறைபாடு உடையவர் இரண்டாம் நிலை. உணர்வு மங்கியும் எழுப்பினால் எழுவோர் மூன்றாம் நிலை. ஆழ்மயக்கத்தில் கிடப்போர் நான்காம் நிலை. முதல் நிலையினருள் இறந்தோர் 20 விழுக்காடு. இரண்டாம் நிலையில் 34.7; மூன்றாம் நிலையில் 51.9, நான்காம் நிலையில் 100.

நான்கே எண்கள். அறுவையாளரின் கைத்திறனைவிட, நோயர் வந்து சேர்ந்த நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதே அவற்றின் பொருள். இந்நோய் திடுமெனத் தாக்குவதன்று; சில கிழமைகள் சோர்வும் இளங்காய்ச்சலும் தலைவலியுமாகவே ஊர்ந்து வரும். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளிலும் குழந்தை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு இறங்குகிறது. வேலூர் நிலைப்பகுப்பு என்ற பெயரில் உலகெங்கும் காசநோய் மிகுந்த நாடுகளின் மருத்துவர் இதனைக் கையாளுகின்றனர். ஊர்ப்பெயர் தாங்கிய பெருமைகளுள் கோபுரத்துக்கும் கோட்டைக்கும் கிடைக்கும் ஏற்றம் இதற்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

விலை பற்றியும் ஒன்று கூறவேண்டும். உத்தரப்பிரதேசத்து ஷாஜகான்பூரில் செய்யப்பெறும் சப்ரா ஷண்ட்டையும் அமெரிக்க நிறுவனமொன்றின் ஷண்ட்டையும் உகாண்டா நாட்டில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டனர். ஒன்றன் விலை ஏறத்தாழ 35 டாலர். மற்றதன் விலை ஏறத்தாழ 650 டாலர். ஓராண்டு முடிவில் பயனில் வேறுபாடு காணப்படவில்லை.

இதுவரை கூறியது உயிர் காத்த வரலாறு. நீரோட்டம் அறிவையும் நினைவையும் தொடுகிறதா என்னும் வினாவுக்கு முதற்பெரும் விடை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் சலோமோன் ஹக்கீம் 1957இல், விபத்துக்குப் பின் உணர்வு திரும்பாத 16 வயது இளைஞர் ஒருவரை ஆராய்ந்தார். மூளை அறைகள் பெருத்திருந்தன. அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. சிறிதளவு நீரை எடுத்ததும் அவர் தெளிவடையத் தொடங்கினார். ஹக்கீமும் ரேமண்ட் ஆடம்சும் 1965இல் விளக்கிய இந்நோய் பெரும்பாலும் முதியோரை வாட்டுவது: கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போன்ற நடை, மங்கும் நினைவு, அடக்கவியலாச் சிறுநீர். மூப்பின் மறதி என்று மூலையில் இருத்தப்பட்டவர்களுள் சிலர் ஷண்ட் பொருத்தியபின் எழுந்து நடந்தனர். பேரக்குழந்தையின் பெயரை மீண்டும் அறிந்தனர். உயிரணுக்கள் அழிந்தமையால் அன்றி, நீரின் போக்குப் பிழைத்தமையாலும் நினைவு மங்கும் என்பது தெளிவாயிற்று.

இனிப் புர்க்கின்யே கண்ட மயிர்களுக்கு வருவோம். மனித மூளையிலும் அவை துடிப்பதை 1963இல் அமெரிக்க ஆய்வாளர் மீண்டும் காட்டினர். 1976இல் சுவீடன் நாட்டு அஃப்சேலியுஸ், குற்றிழைகள் அசையாப் பிறவிக்குறை ஒன்று மனிதரிடம் உண்டென நாட்டினார். அத்தகையோருக்கு ஓயாத சளியும், பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கம் அமைதலும் காணப்பட்டன. குற்றிழை செயலற்ற எலிகளுக்கு நீர்த்தலை வருகிறது. ஆனால் அக்குறையுள்ள மனிதர்க்கு அரிதாகவே வருகிறது. இம்முரணை மறைத்துவிட்டுக் குற்றிழையே மூளைநீரை ஓட்டுகிறது என்று எழுதுவோர் உளர். அது மிகை. மனிதரில் நீரைப் பெருமளவில் முன்னும் பின்னும் தள்ளுவன இதயத்துடிப்பும் மூச்சுமே.

அப்படியாயின் குற்றிழைக்கு என்ன வேலை? விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் விடை உண்டு. களிமண் குழம்பைத் தொட்டிக்குக் கொண்டுவரும் வேலை வேறு. தொட்டிக்குள் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும் வேலை வேறு. கலக்காமல் விட்டால் கனமானது அடியில் தங்கும்; அச்சில் வார்த்த கலம் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும். மூளைச் சுவரை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் எது எங்கே சேரவேண்டும் என்பதைக் குற்றிழைகள் நெறிப்படுத்துகின்றன.

இதற்குச் சான்றுகள் இந்நூற்றாண்டில் வந்தன. வளர்ந்த எலியின் மூளையில் அறைச்சுவரருகே பிறக்கும் புது நரம்பணுக்கள் முகர்வுப் பகுதியை நோக்கிப் பயணம் செய்கின்றன. குற்றிழை அடிக்கும் திசையே அவற்றுக்கு வழிகாட்டுவதை ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர் 2006இல் காட்டினர். குற்றிழை பழுதான எலியில் அவை திசை தடுமாறின. ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் உயிரியலாரும் நீரியக்க இயற்பியலாரும் கூடி 2016இல் எலியின் மூன்றாம் அறையைப் படமெடுத்தனர். அங்கே ஓர் ஓட்டம் இல்லை. பிரிந்தும் சுழன்றும் எதிர்த்தும் செல்லும் பல ஓடைகள் இருந்தன. அவற்றின் வடிவம் நாளின் வேளைக்கேற்ப மாறிற்று. அவ்வறையை ஒட்டி அமைந்ததே பசி, தாகம், உறக்கம் ஆகியவற்றை ஆளும் பகுதி. நிமோனியாக் கிருமி வெளியிடும் நச்சு இவ்விழைகளின் துடிப்பை நிறுத்திவிடுவதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் முன்னரே கண்டிருந்தனர். மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட பிள்ளைகள் ஏன் முன்போல் இருப்பதில்லை என்று கலங்கும் பெற்றோர்க்கு இது முழு விடையன்று. விடை தேடவேண்டிய இடங்களுள் ஒன்று.

உறக்கத்தில் இந்நீர் மூளையின் கழிவைக் கழுவுகிறது என்னும் கருத்து, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013இல் எலிகளிடம் செய்த ஆய்வால் பரவிற்று. கவிதைக்குள்ளும் நுழைந்துவிடும் அழகு அதற்கு உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியார் 2024இல் வெளியிட்ட ஆய்வோ, உறங்கும் எலியில் கழிவகற்றம் குறைகிறது என்கிறது. வழக்குத் தீரவில்லை.

மனிதரில் குற்றிழைக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று 2019இல் ஜப்பானில் கிடைத்தது. ஹக்கீம் விளக்கிய முதுமை நீர்த்தலை ஒரு குடும்பத்தில் பலருக்குத் தொடர்ந்து வந்தது. அவர்தம் மரபணுக்களை ஆராய்ந்தபோது சி.எஃப்.ஏ.பி.43 என்னும் ஒன்றில் பிழை இருந்தது. அது குற்றிழையின் அமைப்புக்கு வேண்டிய புரதத்தின் மரபணு. அம்மரபணுவை நீக்கிய எலிகளின் மூளை அறைகளும் பெருத்திருந்தன.